யார் முன்னால் சொன்ன பதில்?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, கணவன் மனைவியை அடிப்பது சரிதானா என்று பெண்களிடம் கேட்டது. ஏழு சூழ்நிலைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சமையல் சரியில்லையென்றால், அவள் நடத்தையில் கணவனுக்குச் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். இவற்றில் ஒன்றுக்காவது 'சரி' என்றவர்கள் தெலங்கானாவில் 83.8 சதவீதம். கேரளத்தில் 52.4. இமாச்சலப் பிரதேசத்தில் 14.8. நாடு முழுவதற்கும் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44.

இந்த எண்கள் வெளிவந்ததும் மாநிலங்களைத் தரவரிசையில் அடுக்கிய செய்திகளும் வந்தன. படித்தவர்கள் அதிர்ந்தார்கள், அதிர வேண்டிய விஷயம்தான். இதை வெறும் புள்ளிவிவரப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களின் பங்கு அதே கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் 44 சதவீதம், இமாச்சலத்தில் 8. அடிப்பதை ஏற்கும் மனநிலையும் கர்நாடகத்தில் மிக அதிகம். சொன்ன கருத்தும் வாழ்ந்த வாழ்க்கையும் ஏறத்தாழ ஒரே திசையில் போகின்றன. ஆனாலும் தெலங்கானாவுக்கும் இமாச்சலத்துக்கும் இடையிலுள்ள 69 புள்ளி இடைவெளி முழுவதும் மனப்பான்மையின் இடைவெளிதானா என்று கேட்காமல் அந்தத் தரவரிசையை நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏழுக்கும் 'சரி' என்றவரும் ஒன்றுக்கு மட்டும் 'சரி' என்றவரும் அந்த 83.8இல் ஒரே தலையாக எண்ணப்படுகிறார்கள். நாடு முழுவதிலும் அதிகமான பெண்கள் ஏற்ற காரணம் மாமனார் மாமியாரை மதிக்காதது. 32 சதவீதத்தினர் அதற்கு 'சரி' என்றார்கள். மாமியார் அதே வீட்டில், ஒருவேளை அதே கூடத்தில், இருக்கும்போது கேட்கப்படும் கேள்வி அது. கேள்விக்குப் பதில் சொன்ன பெண் மனதில் என்ன காட்சியைக் கண்டாள் என்பது அடுத்த சிக்கல். 'எதிர்த்துப் பேசினால்' என்றதும் ஒருத்தி, நாள் முழுக்க உழைத்து வந்த கணவனை ஊரார் முன் அவமதிக்கும் மனைவியை நினைக்கலாம். இன்னொருத்தி, குடித்துவிட்டு வந்தவனிடம் வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்டவளை நினைக்கலாம். வினாத்தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சிட்னி ரூத் ஷூலர், ரேச்சல் லென்ஸி, கேத்ரின் யவுன்ட் மூவரும் பங்களாதேஷின் கிராமப்புறத்தில் இதே வகைக் கேள்விகளைக் கேட்டு, பதில் வந்ததும் நிறுத்திவிடாமல், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தொடர்ந்து பேசினார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வு இரண்டு விஷயங்களைக் காட்டியது. கேள்வியில் சொல்லப்படாத விவரங்களைப் பெண்கள் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். மனைவி வேண்டுமென்றே செய்தாளா, வேறு வழியில்லாமல் செய்தாளா என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. மேலும், தான் என்ன நினைக்கிறேன் என்பதும் ஊர் என்ன சொல்லும் என்பதும் பல பதில்களில் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. பிறகு யவுன்டும் வேறு சிலரும் கேள்வியையே மாற்றி, மனைவியின் மேல் தவறில்லை என்பது வெளிப்படையாகத் தெரியும்படி சூழ்நிலைகளை எழுதிக் கேட்டபோது, அடியை ஏற்றவர்களின் பங்கு கீழே இறங்கியது. அதே வட்டாரம், அதே போன்ற பெண்கள்தான். கேள்வியில் இன்னும் ஒரு வரி சேர்ந்ததும் 'மனப்பான்மை' வேறாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், நூறு நாடுகளில் ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பெற்ற எண்களை அருகருகே நிறுத்துவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அந்தத் துணிச்சலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் வேரூன்றிய கருத்துக்கணிப்பு முறை விரைவிலேயே மற்ற நாடுகளுக்கும் சென்றது. கேப்ரியல் ஆமண்டும் சிட்னி வெர்பாவும் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, மெக்சிகோ ஆகிய 5 நாட்டு மக்களின் அரசியல் மனப்பான்மையை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு முன்மாதிரியானது. 1981இல் ஐரோப்பிய விழுமிய ஆய்வு தொடங்கியது. அதிலிருந்து ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டின் தலைமையில் உலக விழுமிய ஆய்வு கிளைத்து, இதுவரை ஏழு சுற்றுகள் முடிந்திருக்கின்றன. மதம், குடும்பம், சனநாயகம், நம்பிக்கை பற்றி உலக நாடுகளை ஒப்பிட்டு நாம் படிக்கும் பல கட்டுரைகளுக்கு அடியில் இருப்பது இந்தத் தரவுதான்.

இந்த முறை நம் மண்ணில் எதைச் சந்தித்தது என்பதற்கு அரிய சாட்சியம் ஒன்று உண்டு. லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் தம்பதி 1957இல் அன்றைய சென்னை மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தி, அடுத்த ஆண்டு அந்தக் கள அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். மாதிரியில் தேர்வான ஒருவரைத் தனியே உட்கார வைத்து அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்பது என்பதே அம்முறையின் அடித்தளம். கிராமங்களில் அந்தத் தனிமை கிடைக்கவில்லை. கேள்வி கேட்க ஒருவர் வந்திருக்கிறார் என்றால் வீட்டார் கூடினார்கள், அக்கம்பக்கத்தார் கூடினார்கள். பதில் எல்லோருக்கும் நடுவில் உருவானது. தனிமனிதர் ஒவ்வொருவரிடமும் பிறர் அறியாத ஒரு கருத்து தயாராக இருக்கிறது என்பதே ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் அனுமானம் என்பதை அவர்கள் அங்கேதான் உணர்ந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவராக ஆற்றி, 2005இல் அச்சான உரையில், சூசன் ருடால்ஃப் அந்தச் சென்னை மாநில அனுபவத்துக்கே திரும்பிப் போய், ஓரிடத்தில் பிறந்த ஆய்வு வகைப்பாடுகளை உலகத்துக்கே பொதுவென்று நினைப்பதை ஏகாதிபத்தியம் என்ற சொல்லாலேயே குறித்தார். அச்சொல் மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றும் கணக்கெடுப்பாளர் ஒருவர் வீட்டுப்படி ஏறும்போது நடப்பதைப் பாருங்கள். வீட்டில் உள்ள வயதுவந்தோரின் பெயர்களை எழுதி, லெஸ்லி கிஷ் 1949இல் வகுத்த அட்டவணையின்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வாவது மருமகள் என்று வைத்துக்கொள்வோம். "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, என்னைக் கேளுங்க" என்று வீட்டுப் பெரியவர் முன்னால் வந்து உட்காருவார். விதிப்படி அந்தப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அழைத்தாலும், அவள் கதவோரம் நின்றபடி, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். கட்டத்தில் விழுவது அவள் பதில்தான். ஆனால் அதில் அந்த வீடு முழுவதும் இருக்கிறது. குடும்பநலக் கணக்கெடுப்பில் வன்முறை பற்றிய பகுதிக்கு மட்டும் கடுமையான விதி உண்டு: வீட்டுக்கு ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம், தனிமை கிடைக்காவிட்டால் அப்பகுதியைக் கேட்கவே கூடாது. பாதுகாப்புக்காக வந்த விதி அது. உண்மையான பதிலுக்கும் அதே தனிமை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கேட்பவர் யார் என்பதும் பதிலுக்குள் நுழைகிறது. கெய்ரோவில் லிசா பிளேடஸும் ரேச்சல் கில்லமும் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், தலையை மூடிய பெண் கேள்வி கேட்டபோது, மூடாத பெண் கேட்டபோதைவிடப் பெண்கள் தங்களை மதப்பற்று மிகுந்தவர்களாகக் காட்டிக்கொண்டார்கள். வீடு தேடி வந்தவருக்கு மனம் நோகாத பதிலைச் சொல்லும் பழக்கத்தைத் தென்கிழக்காசிய ஆய்வுகளை முன்வைத்து எமிலி ஜோன்ஸ் 1963லேயே எழுதினார். நம் ஊரில் கேட்பவரின் சாதியை ஊகிக்க அதிக நேரம் பிடிக்காது. பெயரும் பேச்சும் போதும். சாதி பற்றிய கேள்விக்கு யாரிடம் என்ன பதில் சொல்வது என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது பதில் சொல்லும் சூழல். இதைவிட ஆழமானது, பதில் சொல்பவர் மனதுக்குள் வைத்திருக்கும் அளவுகோல். 1943 வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தம் உடல்நலம் கெட்டிருக்கிறது, அல்லது சுமாராக இருக்கிறது என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். 'சுமார்' என்ற பதிலை மட்டும் பார்த்தால், ஆண்களில் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை. அமர்த்தியா சென் இந்த எண்களைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தன் உடலுக்கு எவ்வளவு நலம் உரியது என்ற எதிர்பார்ப்பே அவர்களுக்கு அவ்வளவு சிறிதாக்கப்பட்டிருந்தது. கேரளத்துக்கும் பிகாருக்கும் இடையிலும் இதே புதிர் உண்டு என்று சென் காட்டினார்: நீண்ட ஆயுளும் நல்ல மருத்துவமும் உள்ள கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பிகாரில் குறைவு. இல்லாதவர் திருப்தியாகவும் இருப்பவர் குறையோடும் பதில் சொல்லும்போது, அந்தப் பதில்களை அப்படியே எடுத்துக் கொள்கை வகுப்பது அநியாயத்தில் முடியும்.

இந்த அளவுகோலையே அளக்க ஒரு வழி 2004இல் முன்வைக்கப்பட்டது. கேரி கிங், கிறிஸ்டோபர் மர்ரே, ஜோஷுவா சாலமன், அஜய் டாண்டன் நால்வரும், அரசின் முடிவுகளில் உங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று மெக்சிகோவிலும் சீனாவிலும் கேட்டார்கள். எழுபது ஆண்டுக்கு மேல் அதிபர் பதவியைப் பிடித்து வைத்திருந்த கட்சியை 2000இல் தேர்தல் மூலம் இறக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். ஆனால் நேரடிப் பதிலின்படி, தங்களுக்கு அதிகப் பங்கு இருப்பதாகச் சொன்னவர்கள் சீனர்கள்! பிறகு அதே மக்களிடம் கற்பனை மனிதர்கள் சிலரின் கதை சொல்லப்பட்டது. எல்லாருக்கும் சிக்கல் ஒன்றே: குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஒருத்தி, அதைத் தீர்ப்பதாக வாக்குறுதி தந்த எதிர்க்கட்சி வேட்பாளருக்கு ஊரோடு சேர்ந்து வேலை செய்கிறாள். அவர் வெல்லும் நிலையில் இருக்கிறார். இன்னொருவனுக்கு வாக்குரிமையே இல்லை. அரசில் யாருக்கும் அக்கறை இல்லை என்று நினைத்து, எப்போதாவது விடியும் என்று பேசாமல் பொறுத்துக்கொள்கிறான். பெயர்கள் அந்தந்த நாட்டுப் பெயர்களாக மாற்றப்பட்டன. இவர்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று அதே அளவில் சொல்லச் சொல்லி, அதோடு தங்களைப் பற்றிச் சொன்னதையும் ஒப்பிட்டபோது, வரிசை தலைகீழானது. வாக்குரிமையே இல்லாத அந்த மனிதனுக்கும் கீழே தங்களை வைத்த சீனர்கள் ஏறக்குறைய 40 சதவீதம்.

இத்துறையில் நான் படித்தவற்றில் மனதில் ஆழமாகத் தங்கிய சோதனை இது. ஆனாலும் இதற்கும் எல்லை உண்டு. கதையில் வரும் மனிதனை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்கள், தன்னை எடைபோடும் கோலாலேயே அவனையும் எடைபோடுகிறார்கள் என்ற இரண்டு அனுமானங்களின் மேல்தான் அது நிற்கிறது. பங்களாதேஷ் பெண்கள் கேள்வியின் இடைவெளிகளைத் தாங்களே நிரப்பியதை நினைத்தால், முதல் அனுமானம் எளிதில் ஆட்டம் காணும். அளவுகோல் ஊருக்கு ஊர் மாறுவதன் இன்னொரு காரணத்தை ஸ்டீவன் ஹெய்ன் குழு 2002இல் காட்டியது. ஜப்பானியர் தன்னை மற்ற ஜப்பானியரோடும், கனடியர் தன்னை மற்ற கனடியரோடும் ஒப்பிட்டே பதில் சொல்கிறார்கள். ஆகவே இரு பண்பாடுகளையும் உள்ளிருந்து அறிந்தவர்களுக்குப் பளிச்சென்று தெரியும் வேறுபாடு, சராசரிகளில் காணாமல் போய்விடுகிறது.

அளக்கப்படும் பொருளே இடத்துக்கு இடம் வேறாக இருப்பதும் உண்டு. "பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா?" என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பலாம் என்கிறார்கள். பிரேசிலில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. சீனாவும் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் பக்கத்தில் நின்றது. யான் டெல்ஹை, கென்னத் நியூட்டன், கிறிஸ்டியன் வெல்ட்சல் மூவரும் 2011இல், 51 நாடுகளின் தரவை வைத்து, அந்தப் 'பெரும்பாலான மனிதர்கள்' யார் என்று தேடினார்கள். குடும்பம், அண்டை வீட்டார், பழகியவர்கள், முதன்முறை சந்திப்பவர்கள், வேறு மதத்தார், வேறு நாட்டார் என்று தனித்தனியே கேட்ட பதில்களோடு ஒப்பிட்டபோது, செல்வ நாடுகளில் அந்த வட்டம் அந்நியர்வரை விரிந்திருந்தது. சீனாவிலும் கன்பூசிய மரபுள்ள மற்ற நாடுகளிலும் அது தெரிந்தவர்களுக்குள்ளேயே நின்றது. வட்டத்தின் அளவைக் கணக்கில் கொண்டதும் சீனாவின் இடம் நன்றாகவே கீழிறங்கியது.

சொல்லை நம்ப முடியாதென்றால் செயலைப் பார்க்கலாமே என்பார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 2019இல் அலைன் கோன் முதலானோர் 40 நாடுகளின் 355 நகரங்களில், இந்திய நகரங்கள் உட்பட, 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை வங்கி, திரையரங்கு, அஞ்சலகம், விடுதி, காவல் நிலையம் ஆகியவற்றின் முகப்பில் இருந்தவர்களிடம் கொடுத்தார்கள். "தெருவில் கிடந்தது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே சாவி, மளிகைப் பட்டியல், மின்னஞ்சல் முகவரியுள்ள அட்டை, சிலவற்றில் பணம். பணம் இருந்த பைகளுக்கே பெரும்பாலான நாடுகளில் அதிகத் தகவல் வந்தது என்பது உண்மையிலேயே நெஞ்சை நிறைக்கும் முடிவு. ஆனால் செய்திகளில் பரவியது நாடுகளின் நேர்மைப் பட்டியல். அதன் அடிமட்டத்தில் சீனா. நேர்மை என்று அங்கே அளக்கப்பட்டது, உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்களா என்பது. சீன ஆய்வாளர்கள் அந்தச் சோதனையைத் தங்கள் நாட்டின் 10 நகரங்களில் மீண்டும் நடத்தி 2023இல் வெளியிட்டார்கள். மின்னஞ்சல் வந்த பைகள் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின. பிறகு நேரில் சென்று பையைக் கேட்டபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தன. தொலைத்தவர் தேடி வருவார், அதுவரை காத்து வைத்திருப்பதே தம் கடமை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்கு மின்னஞ்சல் எழுதுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்து திரட்டிய நடத்தைத் தரவும் ஒரு பண்பாட்டின் பழக்கத்தையே நேர்மை என்று பெயரிட்டிருந்தது.

பட்டியல்கள் செய்யும் தீங்குக்கு இன்னொரு உதாரணத்தை மட்டும் சொல்கிறேன். வேற்று இனத்தவர் அண்டை வீட்டில் வேண்டாம் என்று சொன்னவர்களின் விகிதத்தைக் கொண்டு 2013இல் வாஷிங்டன் போஸ்ட் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. ஹாங்காங் 71.8 சதவீதம், பங்களாதேஷ் 71.7, இந்தியா 43.5. உலகின் மிகக் கடுமையான இனவெறி நாடுகள் இவை என்று வரைபடம் பரவியது. முதல் இரண்டு எண்களும் தரவுக் கோப்பில் ஆம், இல்லை இரண்டும் இடம் மாறிப் பதிவானதால் வந்தவை என்று பிறகு தெரிந்தது. திருத்தம் வந்தது, வரைபடம் போன தூரத்துக்கு அது போகவில்லை. இந்தியாவின் எண்ணில் அப்படிப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன இந்தியர் சாதியை நினைத்தாரா, மதத்தை நினைத்தாரா, வெளிநாட்டவரை நினைத்தாரா என்பதை அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் புள்ளியியலாளர்கள் வைத்திருக்கும் மருந்து அளவீட்டுச் சமத்துவச் சோதனை. கேள்விகளுக்கிடையேயான தொடர்பு எல்லா நாடுகளிலும் ஒரே அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டுமே சராசரிகளை ஒப்பிட அனுமதிக்கும் முறை அது. அதன் கடுமையான படியை உலக அளவிலான அளவீடுகள் பலவும் தாண்டுவதில்லை. தேவையான சோதனைதான், ஆனால் பழுதைக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. பழுது எங்கே ஏன் வந்தது என்பதைக் களத்துக்குப் போய்த்தான் அறிய வேண்டும்.

களத்தை அறிந்து எழுதிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு 2011–12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு நல்ல சான்று. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று அது முதலில் கேட்டது. அரசியல் சட்டம் ஒழித்த ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்லும் கேள்வி அது; இல்லை என்பது எளிது. இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி போனது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரங்களைப் புழங்கினாலோ உங்களுக்குச் சம்மதமா? கொள்கையை விட்டு அடுப்படிக்கு வந்த கேள்வி. இரண்டையும் சேர்த்து, ஏறக்குறைய 27 சதவீதக் குடும்பங்கள் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகத் தெரியவந்தது. உண்மை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சமையலறையும் பாத்திரமும் இந்தச் சமூகத்தில் எதன் எல்லைக்கோடு என்று அறிந்தவர்களால் மட்டுமே அந்த இரண்டாம் கேள்வியை எழுதியிருக்க முடியும்.

அச்சம் நிலவும் இடங்களுக்கும் வழிகள் இருக்கின்றன. புதினின் செல்வாக்கு உண்மையா என்று அறிய 2015இல் திமோதி ஃப்ரை குழு ரஷ்யர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஸ்டாலின், பிரெஷ்னேவ், யெல்ட்சின் பெயர்கள்; மறு பாதிக்கு அவற்றோடு புதின் பெயரும். இவர்களில் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள் என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். யார் யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாதிகளின் சராசரிக்கும் இடையிலான வேறுபாடே புதினின் ஆதரவு. நேரடியாகக் கேட்டபோது 85ஐத் தாண்டிய அந்த எண் இங்கே ஏறக்குறைய 80 ஆனது. நம் நாட்டில் லோக்நீதி அமைப்பு யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வியை வாயால் கேட்பதில்லை. மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறது. திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சீட்டுக்குத் தனிமை இருக்கிறது.

1999இல் தொடங்கிய ஆஃப்ரோபரோமீட்டர் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பேட்டியின் முடிவில் அது பதில் சொன்னவரிடமே, எங்களை இங்கே அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறது. தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்; அப்படியும் அரசாங்கம்தான் அனுப்பியது என்று கணிசமானோர் சொல்கிறார்கள். பிறகு கணக்கெடுப்பாளர் தனியாகச் சில கட்டங்களை நிரப்புகிறார்: பேட்டியின்போது காதில் விழும் தூரத்தில் வேறு யாராவது இருந்தார்களா, பதில் சொன்னவர் வேறு யாரிடமாவது கேட்டுச் சொன்னாரா, அவர் சந்தேகப்பட்டாரா. பதில்களோடு இந்தக் கட்டங்களும் பொதுத் தரவில் கிடைக்கின்றன. குடும்பநலக் கணக்கெடுப்பு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தப் பன்னாட்டு ஆய்வின் பொது வினாத்தாளிலும், மனைவியை அடிப்பது சரியா என்ற கேள்விக்குச் சற்று முன்னால், அந்த நேரத்தில் கணவனோ மற்ற ஆண்களோ பெண்களோ அருகில் இருந்தார்களா, கேட்டுக்கொண்டிருந்தார்களா என்று குறிக்க இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட விவரம் எதுவும் மாநிலங்களின் தரவரிசையில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு மாநிலத்தின் எண்ணுக்குப் பக்கத்திலும், அந்தப் பதில்களில் எத்தனை தனிமையில் சொல்லப்பட்டவை, அவற்றை மட்டும் எடுத்தால் எண் என்னவாகிறது என்ற இரண்டு பத்திகளையும் அச்சிட வேண்டும். அவை இல்லாத தரவரிசையைப் பத்திரிகைகள் வெளியிட மறுக்க வேண்டும்.